எது எதோடு சேரும்?

பிறந்த குழந்தையின் கண்முன் வந்துபோகும் காட்சிகளில் எந்த இரண்டும் முழுக்க ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே நாய் படுத்திருக்கையில் ஒரு வடிவம் காட்டுகிறது, ஓடுகையில் இன்னொன்று; மாலை வெளிச்சத்தில் அதன் நிறமும் மாறிவிடுகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகவே கற்றாக வேண்டுமென்றால் ஓர் அனுபவம் அடுத்ததற்கு உதவாது. நேற்று குரைத்த நாயைப் பற்றிய நினைவு, இன்று தெருமுனையில் நிற்கும் வேறொரு நாயைப் பற்றி ஒன்றும் சொல்லாது. வேறுவேறாக இருப்பவற்றை ஓரினமாகக் கொள்வதே வகைப்படுத்தல். கண்டதை வைத்துக் காணாததை ஊகிக்க மனத்துக்கு அதைவிட்டால் வேறு வழி குறைவு.

இந்தத் திறன் பள்ளி வயதை ஒட்டியே வருகிறது என்று 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பரவலாக நம்பப்பட்டது. அதற்கு வலுவான சான்றுகளைத் தந்தவர்கள் ஜெனீவாவில் பணியாற்றிய பேர்பெல் இன்ஹெல்டரும் ழான் பியாஜேயும். 1959-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில், சிறு குழந்தைகளிடம் வட்டம், சதுரம், முக்கோணம் என வெட்டிய துண்டுகளைக் கொடுத்து, ஒத்தவற்றை ஒன்றாக வைக்கச் சொன்னார்கள். மிகச் சிறியவர்கள் இரண்டு சதுரங்களைச் சேர்த்து வைத்துத் தொடங்குவார்கள். மூன்றாவதாக ஒரு முக்கோணத்தை எடுத்துச் சதுரத்தின் தலையில் வைத்து வீடு என்பார்கள். தொடங்கிய விதி பாதியிலேயே நழுவிவிடும். இந்தக் கவனிப்பில் பிழையில்லை. இன்று செய்து பார்த்தாலும் இதுவே நடக்கும். ஆனால் அந்தச் சோதனை குழந்தையிடம் எத்தனை திறன்களை ஒருசேரக் கேட்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டளையைப் புரிந்துகொள்ள வேண்டும், ஓர் அளவுகோலைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கடைசித் துண்டு வரை அதை மறக்காமல் கையை நடத்த வேண்டும். இவற்றில் எது இல்லாவிட்டாலும் தோல்விதான். அந்தத் தோல்வியை வைத்து, வகை பிரிக்கவே தெரியாது என்று முடிவுகட்டிவிட முடியாது.

பேச்சும் கையும் வசப்படாத குழந்தையிடம் கேட்க வேறொரு வழி வேண்டியிருந்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ராபர்ட் ஃபான்ட்ஸ் அதைக் கண்டுபிடித்தார். கைக்குழந்தைகளுக்கு இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, எதை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று அளந்தார். ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் பார்வை அதை விட்டு விலகிப் புதிய படத்துக்குப் போவதை 1964-ல் எடுத்துக்காட்டினார். இதில் ஒரு பெரிய வாய்ப்பு ஒளிந்திருந்தது. காட்டியது ஒரே படமாக இல்லாமல் ஒரே இனத்தின் வெவ்வேறு படங்களாக இருந்தால்? அப்போதும் குழந்தைக்குச் சலித்துப்போனால், சலித்தது தனிப்படம் அல்ல, இனமே என்றாகும்.

1993-ல் பால் குவின், பீட்டர் ஐமாஸ் ஆகியோர் செய்த ஆய்வு இதையே சோதித்தது. 3, 4 மாதக் குழந்தைகளுக்குப் பூனைகளின் வண்ணப் படங்களை ஜோடி ஜோடியாகக் காட்டினார்கள். நிறமும் உரோமமும் நிற்கும் விதமும் படத்துக்குப் படம் வேறு. பிறகு அதுவரை காட்டாத ஒரு பூனையும் ஒரு நாயும் சேர்ந்து வந்தன. இரண்டுமே புதியவைதாம், ஆனாலும் குழந்தைகள் நாயையே அதிக நேரம் பார்த்தார்கள். தவழக்கூடத் தொடங்காத வயதில், ஒரு பெயரும் தெரியாத நிலையில், சில நிமிடங்களுக்குள் அவர்கள் பூனைகளை ஓரினமாகத் திரட்டியிருந்தார்கள். எதை வைத்து என்பதும் பின்னர் தெரியவந்தது. தலையை மட்டும் காட்டினாலே இனம் பிரித்தார்கள். தலையை மறைத்து உடலை மட்டும் காட்டியபோது பிரிக்க முடியவில்லை.

இதே சோதனையைத் திருப்பிச் செய்தபோது எதிர்பாராத ஒன்று நடந்தது. முதலில் நாய்களைக் காட்டிப் பழக்கிவிட்டுப் பூனையைக் கொண்டுவந்தால், குழந்தைகள் அதைப் புதிதாகக் கருதவில்லை. பூனைக் கூட்டத்துக்குள் நாய்க்கு இடமில்லை. நாய்க் கூட்டத்துக்குள் பூனைக்கு இடம் உண்டு. விளக்கம் குழந்தையின் மனத்தில் அல்ல, படங்களிலேயே இருந்தது. நாய்கள் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபடுகின்றன: நீண்ட மூக்கு, தட்டை மூக்கு, தொங்கும் காது, நிமிர்ந்த காது. அந்தப் பரந்த எல்லைக்குள் பெரும்பாலான பூனைகளின் அளவுகள் அடங்கிவிடுகின்றன. பூனைகளோ தமக்குள் அதிகம் வேறுபடுவதில்லை. அவற்றின் குறுகிய எல்லைக்கு வெளியே நாய் துருத்திக்கொண்டு நிற்கிறது. டெனிஸ் மரெஷால், ராபர்ட் ஃபிரெஞ்ச், குவின் மூவரும் 2000-ல் இதைக் கணினியில் ஓர் எளிய நரம்பு வலைப்பின்னல் மாதிரியாக அமைத்தார்கள். படங்களில் அளந்த காது, மூக்கு, கால் நீளம் போன்ற அளவுகளை மட்டும் கொடுத்ததும் மாதிரியும் குழந்தைகளைப் போலவே ஒருபக்கமாக நடந்துகொண்டது. பின்னர், நாய்கள் நெருங்கியும் பூனைகள் பரவியும் இருக்குமாறு படங்களைத் தேர்ந்தெடுத்துக் காட்டியபோது குழந்தைகளின் முடிவும் தலைகீழானது. இந்த ஆய்வு வரிசை இத்துறையின் மிக அழகான சாதனைகளில் ஒன்று. பூனை என்ற கருத்தோடு குழந்தை பிறக்கவில்லை. பார்ப்பவற்றின் சராசரியையும் பரவலையும் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும் கண்ணோடு பிறக்கிறது.

அப்படியானால் குழந்தையின் வகைகள் எல்லாமே தோற்றத்தின் கணக்குதானா? ஜீன் மான்ட்லர் இதை ஏற்கவில்லை. அவரும் லரெய்ன் மெக்டோனாவும் 1990-களில் ஓராண்டை நெருங்கும் குழந்தைகளின் கையில் சிறு பொம்மைகளைக் கொடுத்து, எதை எவ்வளவு நேரம் ஆராய்கிறார்கள் என்று பார்த்தார்கள். சிறகு விரித்த பறவையும் இறக்கை விரித்த விமானமும் தோற்றத்தில் நெருங்கியவை. ஆனாலும் குழந்தைகள் இரண்டையும் வேறாகவே கொண்டார்கள். மாறாக, நாயையும் மீனையும் பிரிப்பதில் அக்கறை காட்டவில்லை. மான்ட்லரின் கருத்துப்படி, முதலில் உருவாவது விலங்கு, வண்டி போன்ற பெரும் பிரிவுகள். தானாக நகர்வதும், பிறர் தள்ளி நகர்வதும் என்ற வேறுபாடு அதற்கு அடிப்படை. 14 மாதக் குழந்தைகளிடம் செய்த இன்னொரு சோதனையில், ஆய்வாளர் ஒரு பொம்மை நாய்க்குக் கோப்பையிலிருந்து தண்ணீர் புகட்டிக் காட்டினார். குழந்தைகள் தாங்கள் அறியாத விலங்குகளுக்கும் புகட்டினார்கள், வண்டிகளுக்குப் புகட்டவில்லை.

இந்த விளக்கத்துக்கு எதிர்ப்பும் எழுந்தது. டேவிட் ராக்கிசனும் ஜார்ஜ் பட்டர்வொர்த்தும் 1998-ல் பொம்மைகளின் கால்களையும் சக்கரங்களையும் நீக்கிவிட்டுக் கொடுத்தார்கள். 14, 18 மாதக் குழந்தைகளால் அப்போது விலங்கையும் வண்டியையும் பிரிக்க முடியவில்லை. ஆழ்ந்த அறிவு என்று தோன்றியது, காலா சக்கரமா என்ற ஒரே கேள்வியில் நின்றிருக்கலாம். இந்த வாதம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. எனினும் கால், சக்கரம் என்ற உறுப்புகளைப் பிடித்துக்கொள்வதை வெறும் மேலோட்டமான பார்வை என்று தள்ளிவிடக் கூடாது. ஒரு பொருள் எப்படி நகரும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் உறுப்புகள் அவைதாமே.

இரண்டாம் ஆண்டில் கைகளும் வகை பிரிக்கத் தொடங்குகின்றன. ஹென்றி ரிச்சியூட்டி 1965-ல் 12, 18, 24 மாதக் குழந்தைகளின் முன் இருவகைச் சிறு பொருள்களைக் கலந்து வைத்தார். எதையும் செய்யச் சொல்லவில்லை. 12 மாதத்திலேயே ஒரே வகைப் பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடும் போக்கு தெரிந்தது. 18 மாத வாக்கில் பலர் இரு வகையையும் இரு குவியலாக ஒதுக்கத் தொடங்குகிறார்கள். இந்த முழுப் பிரிப்பும் சொற்கள் மளமளவெனப் பெருகும் காலமும் ஒட்டி வருகின்றன என்று 1987-ல் அலிசன் கோப்னிக்கும் ஆண்ட்ரூ மெல்ட்சாஃபும் அறிவித்தார்கள். பிற்கால ஆய்வுகள் எல்லாவற்றிலும் அந்த இணைப்பு உறுதிப்படவில்லை.

ஆனால் சொல்லுக்கும் வகைக்கும் உள்ள உறவு அதைவிட முந்தியது. சாண்ட்ரா வாக்ஸ்மன் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவரும் பொருள் இது. ஓராண்டுக் குழந்தைகளிடம் வெவ்வேறு விலங்குப் பொம்மைகளைக் கொடுக்கும்போது எல்லாவற்றையும் ஒரே புதிய பெயரால் சுட்டினால், அவற்றின் பொதுமையை அவர்கள் விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள். பெயர் சொல்லாதபோது அப்படி நடப்பதில்லை. 3, 4 மாதத்திலேயே இதன் வேர் இருக்கிறது. டைனோசர் படங்களைப் பேச்சொலியோடு காட்டினால் குழந்தைகள் அவற்றை ஓரினமாகக் கொள்கிறார்கள். வெறும் தொனியோடு காட்டினால் இல்லை. வியப்பு என்னவென்றால், மடகாஸ்கரின் லெமூர் என்ற விலங்கின் குரலும் அந்த வயதில் பேச்சைப் போலவே உதவியது. 6 மாதத்துக்குள் அந்த உதவி மறைந்து, மனிதப் பேச்சு மட்டும் மிஞ்சியது. எந்த ஒலி உலகைப் பற்றிப் பேசும் ஒலி என்பதைக் குழந்தை அந்த இடைவெளியில் தேர்ந்துகொள்கிறது.

சொல் உதவி செய்வதோடு நிற்பதில்லை. கண்ணை மீறவும் செய்கிறது. கிம் பிளங்கெட்டும் குழுவினரும் 2008-ல் 10 மாதக் குழந்தைகளுக்குக் கற்பனை உருவங்களின் வரைபடங்களைக் காட்டினார்கள். சொல் எதுவும் இல்லாதபோது குழந்தைகள் அவற்றை இரண்டு இனமாகப் பிரித்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் சொன்னபோது இரண்டும் ஒன்றாக இணைந்துவிட்டன.

பெயர் ஓரினத்தைக் குறிக்கிறது என்று தெரிந்தபின், அந்த இனத்தின் எல்லை எது என்ற கேள்வி வருகிறது. பார்பரா லாண்டவ், லிண்டா ஸ்மித், சூசன் ஜோன்ஸ் 1988-ல் ஒரு வினோத மரத்துண்டைக் காட்டி அதற்கு இட்டுக்கட்டிய பெயர் ஒன்றைச் சொன்னார்கள். இதே பெயருடைய மற்றொன்று எது என்று கேட்டதும் சிறுவர்கள் வடிவத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அளவு பெரிதானாலும் செய்த பொருள் மாறினாலும் கவலைப்படவில்லை. பெயரே சொல்லாமல் எது எதோடு சேரும் என்று மட்டும் கேட்டால் இந்தச் சாய்வு குறைந்தது. சிறு குழந்தை கற்கும் பெயர்ச்சொற்களில் பெரும்பான்மை வடிவத்தால் வேறுபடும் பொருள்களுடையவை: கரண்டி, நாற்காலி, பந்து, செருப்பு. ஒவ்வொரு சொல்லும் வடிவத்தைப் பார் என்ற பாடத்தைச் சேர்த்தே கற்பிக்கிறது. 2002-ல் ஸ்மித் குழுவினர் 17 மாதக் குழந்தைகள் சிலருக்கு 7 வாரம், வடிவத்தால் ஒன்றுபட்ட பொருள்களின் பெயர்களை விளையாட்டாகக் கற்பித்தார்கள். ஆய்வகத்தில் மட்டுமல்ல, வீட்டிலும் அவர்களுடைய பெயர்ச்சொற்கள் மற்றக் குழந்தைகளைவிட வேகமாகப் பெருகின. எப்படி வகைப்படுத்துவது என்பதையே குழந்தை வகைப்படுத்திக் கற்கிறது.

இந்த வயதில் பெற்றோரைச் சிரிக்க வைக்கும் தவறுகளும் இங்கிருந்துதான் வருகின்றன. ஆட்டையும் மாட்டையும் நாய் என்பது, வட்டமான எதையும் பந்து என்பது. லெஸ்லி ரெஸ்கோர்லா 1980-ல் குழந்தைகளின் முதல் 75 சொற்களைத் தொடர்ந்து பதிவுசெய்து, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படி எல்லை மீறிப் பயன்படுவதைக் கண்டார். ஆனால் இதை அறியாமையாக மட்டும் படிப்பது அவசரம். மாட்டை நாய் என்று சொல்லும் குழந்தையிடம் படங்களை நீட்டி நாய் எது என்று கேட்டால், பல வேளைகளில் சரியான படத்தையே காட்டும். வேற்றுமை தெரியும், மாட்டுக்கான சொல்தான் கைவசம் இல்லை. எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு: தெருவில் ஓடும் கார் மட்டுமே கார், நிற்பது கார் அல்ல என்று குறுக்கிக்கொள்வது. இது கவனத்தில் படாமல் போய்விடும். ஏனெனில் குழந்தை தவறாக எதுவும் சொல்வதில்லை, சொல்லாமல் இருந்துவிடுகிறது.

எந்த மட்டத்தில் பெயரிடுவது என்பதும் ஒரு கேள்வி. ஒரே உயிரை விலங்கு என்றும் நாய் என்றும் ராஜபாளையம் என்றும் சொல்லலாம். எலினார் ரோஷ் 1976-ல் நடுமட்டத்தை அடிப்படை மட்டம் என்றார். ஒரே இனத்துக்குள் ஒற்றுமை மிகுந்தும், பக்கத்து இனத்தோடு வேற்றுமை தெளிவாகவும் இருப்பது அங்கேதான். மூன்று படங்களில் ஒரே வகையான இரண்டை எடுக்கச் சொன்னபோது, இந்த மட்டத்தில் 3 வயதினர் 99 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். விலங்கு, வண்டி போன்ற மேல்மட்டத்தில் அவர்கள் பெற்றது 55 விழுக்காடு; 4 வயதில் அது 96-ஐத் தொட்டது. கைக்குழந்தையிடமே விலங்கு, வண்டி என்ற பெரும் பிரிவு இருக்கிறது என்ற மான்ட்லரின் முடிவுக்கு இது முரணாகத் தெரியலாம். ஒன்றைப் பயன்படுத்திக்கொள்வதும், கேட்டபோது அதையே காரணமாக எடுத்து நீட்டுவதும் வேறுவேறு திறன்கள் என்று கொண்டால் முரண் பெரிதும் கரைகிறது.

பள்ளிக்கு முந்தைய வயதினரின் மனம் இனத்தைவிட உறவில் சுவை காண்கிறது. நாய்க்குத் துணையாகப் பூனையை வைப்பதா, எலும்புத் துண்டை வைப்பதா என்றால் பலர் எலும்பையே வைப்பார்கள். எல்லன் மார்க்மனும் ஜீன் ஹட்சின்சனும் 1984-ல் இதை ஒரு சிறு மாற்றத்தால் சோதித்தார்கள். நாய்க்குப் புதிய பெயர் ஒன்றைச் சூட்டி, அதே பெயருள்ள மற்றொன்றைக் காட்டு என்றதும், குழந்தைகளின் விரல் எலும்பை விட்டுப் பூனைக்கு நகர்ந்தது. இனம் எது, உறவு எது என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். எதைக் கேட்கிறார்கள் என்பதைச் சொல் தெளிவாக்கியது. உறவால் சேர்ப்பது குழந்தைத்தனம் என்று எண்ணிவிடவும் கூடாது. அலெக்சாந்தர் லூரியா 1931, 32-ல் உஸ்பெகிஸ்தானின் சிற்றூர்களில் சுத்தியல், ரம்பம், கோடரி, மரக்கட்டை நான்கையும் காட்டிச் சேராததை நீக்கச் சொன்னார். பள்ளி செல்லாத உழவர்கள் நான்கும் சேர்ந்தவையே என்றார்கள். கட்டை இல்லாமல் ரம்பத்துக்கு என்ன வேலை? கருவி என்ற தலைப்பின் கீழ் அடுக்குவது பள்ளி விரும்பும் முறை. வாழ்க்கைக்கு அது ஒன்றே முறை அல்ல.

மூன்று, நான்கு வயதில் நிகழ்வது இந்த வரலாற்றின் மிக ஆழமான திருப்பம். ஒரு பொருளின் இனத்தைத் தீர்மானிப்பது அதன் தோற்றம் அல்ல, உள்ளே இருக்கும் ஏதோ ஒன்று என்று குழந்தை நம்பத் தொடங்குகிறது. சூசன் கெல்மனும் மார்க்மனும் 1986-ல் 4 வயதினருக்கு மூன்று படங்களைக் காட்டினார்கள். ஒன்று வெப்பமண்டல மீன். நீருக்குள் சுவாசிக்கும் என்று சொன்னார்கள். இரண்டாவது டால்ஃபின், மூச்சு வாங்க நீருக்கு மேலே வரும் என்றார்கள். மூன்றாவது சுறா, பார்வைக்கு டால்ஃபினைப் போன்றது. இதுவும் மீன் என்று மட்டும் சொல்லி, எப்படிச் சுவாசிக்கும் என்று கேட்டார்கள். தோற்றத்தை நம்பினால் டால்ஃபினைப் போல என்று சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட கேள்விகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விடைகள் மீன் என்ற பெயரின் பக்கமே சாய்ந்தன. எடை போன்ற பண்பைப் பற்றிக் கேட்டபோது குழந்தைகள் இப்படிப் பெயரைப் பின்தொடரவில்லை. எது இனத்துக்கு உரியது, எது தனி உயிருக்கு உரியது என்ற நுட்பமும் கூடவே இருந்தது.

1991-ல் கெல்மனும் ஹென்றி வெல்மனும் மேலும் நெருங்கிக் கேட்டார்கள். நாயின் உரோமத்தையும் தோலையும் எடுத்துவிட்டால் அது நாய்தானா? ஆம் என்றார்கள் 4, 5 வயதினர். உள்ளே இருக்கும் இரத்தம், எலும்பு போன்றவற்றை எடுத்துவிட்டால்? இனி அது நாய் அல்ல. பிறந்தது முதல் பன்றிகளோடு வளர்ந்த கன்று எப்படிக் கத்தும் என்ற கேள்விக்கும், மாட்டைப் போலத்தான் என்றார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று இந்தக் குழந்தைகளுக்குச் சரியாகத் தெரியாது. ஏதோ இருக்கிறது, அதுவே காரணம் என்ற நம்பிக்கை மட்டும் அறிவுக்கு முன்னே போய் இடம் பிடித்து வைத்திருக்கிறது. இதற்கு எல்லையும் உண்டு. ஃபிராங்க் கைல் 1989-ல் வெளியிட்ட சோதனையில், ரக்கூன் என்ற விலங்குக்குச் சாயம் பூசி, நாற்றப்பையும் பொருத்தி, ஸ்கங்க் என்ற வேறொரு விலங்கைப் போலவே மாற்றிவிட்ட கதையைச் சொன்னார். மழலையர் பள்ளி வயதினரில் பெரும்பாலோர் அது ஸ்கங்க் ஆகிவிட்டது என்றார்கள்; சில ஆண்டு மூத்தவர்கள், என்ன செய்தாலும் ரக்கூன் ரக்கூன்தான் என்றார்கள். காபிப் பானையைப் பறவைக்குத் தீனி வைக்கும் கூடாக மாற்றினால் மட்டும் எல்லா வயதினரும் மாற்றத்தை ஏற்றார்கள். செய்பொருளுக்குப் பயனே இனம், உயிருக்கு அப்படியில்லை.

இதே நம்பிக்கைக்கு இருண்ட பக்கமும் உண்டு. மனிதக் கூட்டங்களையும், பிறப்பிலேயே உள்ளே ஏதோ வேறாக அமைந்த இனங்கள் என்று எண்ண அது எளிதில் வழிவிடுகிறது. சுறாவைப் பற்றிச் சரியாக ஊகிக்க உதவும் மனப்போக்கு, மனிதரைப் பற்றி அநியாயமான ஊகங்களுக்கும் இடம் தருகிறது. பிள்ளைகளிடம் ஒரு கூட்டத்தைப் பொதுமைப்படுத்திப் பேசும் பெரியவர்கள் இதை அக்கறையோடு நினைவில் வைக்க வேண்டும்.

வகைக்குள் வகை அடங்குவது கடைசியாகக் கைவருவது. 4 பொம்மை மாடுகளில் 3 கறுப்பு, 1 வெள்ளை என்றால், கறுப்பு மாடு அதிகமா, மாடு அதிகமா? கறுப்புதான் என்று 6 வயதினர் சாதிப்பார்கள். முழுமையையும் அதன் பகுதியையும் ஒருசேரப் பிடித்து வைக்க 7, 8 வயது வரை முடிவதில்லை என்றார் பியாஜே. பிரிட்டனில் ஜேம்ஸ் மெக்கரிகல் அதே மாடுகளைப் படுக்கவைத்து, கறுப்பு மாடு அதிகமா, தூங்கும் மாடு அதிகமா என்று கேட்டார். சரியான விடைகள் 25 விழுக்காட்டிலிருந்து 48-க்கு உயர்ந்தன. காடு, படை, குடும்பம் போன்ற தொகைப்பெயர்களைப் பயன்படுத்தினாலும் குழந்தைகள் தேறுவதை மார்க்மன் காட்டினார். பியாஜே கண்ட தடை உண்மை. அதில் ஒரு பகுதி கேள்வியின் விசித்திரத்தால் வந்தது.

பிடித்த விதியை விட்டுவிடுவதும் ஒரு தனித்திறன். பிலிப் செலாசோவும் டக்ளஸ் ஃபிரையும் 1990-களில் வகுத்த கார்டு சோதனையில், சிவப்பு முயலும் நீலப் படகுமாக உள்ள கார்டுகளை முதலில் நிறப்படி அடுக்க வேண்டும், பிறகு வடிவப்படி. 3 வயதினர் புதிய விதியைக் கேட்டால் பிசகின்றிச் சொல்வார்கள். கார்டைக் கையில் கொடுத்ததும் மறுபடி நிறப்படியே வைப்பார்கள். 4, 5 வயதில் பெரும்பாலோர் மாறிக்கொள்கிறார்கள். ஜெனீவாவில் முக்கோணத்தைத் தூக்கிச் சதுரத்தின் தலையில் வைத்த குழந்தைகளுக்கு விதி நழுவியது. இவர்களுக்கோ அது கையை விட மறுக்கிறது. இரண்டிலும் குறைவது வகையறிவு அல்ல, அதை ஆளும் கட்டுப்பாடு.

வளரும் இடமும் வகைகளை வடிவமைக்கிறது. சூசன் கேரி 1985-ல், மனித உடலில் ஓர் உறுப்பு உண்டு என்று கேட்ட 4 வயதினர் அது நாய்க்கும் உண்டு என்று எளிதில் நம்புவதையும், நாய்க்கு உண்டு என்று கேட்டால் மனிதனுக்கு நீட்டிக்கத் தயங்குவதையும் காட்டினார். விலங்குலகுக்கு மனிதனே அளவுகோல் என்பது இயல்பான முதற்படி என்று அப்போது தோன்றியது. நோர்பர்ட் ராஸ், டக்ளஸ் மெடின் குழுவினர் அமெரிக்காவின் விஸ்கான்சினில் காட்டையும் ஆற்றையும் ஒட்டி வளரும் மெனாமினி பழங்குடிக் குழந்தைகளிடம் கேட்டபோது இந்தப் போக்கு அப்படியே தென்படவில்லை. 2010-ல் பாட்ரிசியா ஹெர்மன், வாக்ஸ்மன், மெடின் மூவரும் நகரக் குழந்தைகளிலேயே வயது குறைத்துப் பார்த்தார்கள். 5 வயதினரிடம் மனித மையப் போக்கு இருந்தது. 3 வயதினரிடம் இல்லை. ஆக, அது முதற்படி அல்ல, இடையில் கற்றுக்கொண்டது. அதே குழுவினர் 2014-ல், மனிதரைப் போல் உடுத்திப் பேசும் கரடிக் குடும்பத்தின் கதையை நகரத்து 5 வயதினரில் சிலருக்கும், விலங்குகளைப் பற்றிய தகவல் நூலை மற்றவர்களுக்கும் படித்துக் காட்டிவிட்டு, அதே வகைக் கேள்வியைக் கேட்டார்கள். கதை கேட்டவர்கள் மனிதனையே அளவுகோலாகக் கொண்டார்கள். தகவல் நூலைக் கேட்டவர்களின் விடைகள் மனிதனையும் மற்ற விலங்குகளையும் ஒரே வகையில் சேர்த்தன.